சங்கிலியன் அரண்மனைப் பதக்கமோ? எங்கடை வீட்டு நகை வந்த வழியைத் தேடுறம்

அம்மம்மாபேத்தி எழுதியது:

வணக்கம் உறவுகளே. எங்கடை குடும்பத்திலை ஒரு கெம்புப் பதக்கம் இருக்கு. அம்மம்மா போன மாரியிலை காலமானா. இருக்குமட்டும் அவ சொன்னது ஒண்டுதான்: "இது சங்கிலியன்ரை அரண்மனைப் பெட்டகத்திலை கிடந்த சாமான். அழிச்சுச் செய்யாதேங்கோ, அடைவு வையாதேங்கோ." எங்கடை வீடு யாழ்ப்பாணத்து நல்லூர், கடைசி அரசன் சங்கிலியன்ரை அரண்மனை இருந்தது எண்டு சொல்லுற சங்கிலியன் தோப்புக்குக் கிட்ட. அதாலை சின்னனிலை இருந்து ஒருத்தரும் அந்தக் கதையைக் கேள்வி கேட்டதில்லை. இப்ப பதக்கம் அம்மாவின்ரை கைக்கு வந்திருக்கு. உண்மையிலை எங்கை இருந்து வந்தது எண்டு எனக்கு அறிய வேணும். விக்கிற எண்ணம் துப்பரவாய் இல்லை.

பாக்க எப்பிடி எண்டு சொல்லுறன். உள்ளங்கையை நிரப்பும். நடுவிலை ஒரு பெரிய சிவப்புக் கல்லு, பட்டை வெட்டு ஒண்டும் இல்லை, புளியங்கொட்டை மாதிரி வழுவழுப்பாய் இருக்கும். அதைச் சுத்தி ரெண்டு வரி சின்னக் கெம்பு. மேலை ரெண்டு பக்கமும் அன்னம் ஒண்டை ஒண்டு பாத்தபடி. கீழை மூண்டு முத்துத் தொங்குது, அதிலை ஒண்டு மஞ்சளடிச்சுப் போச்சு. கல்லுகளுக்குப் பின்னாலை வெளிச்சம் போகாது, முழுக்கத் தகடு மூடிக் கிடக்கு. தகட்டிலை ஆணியாலை கீறின மாதிரி ரெண்டு எழுத்து: ௰௨. நகைக்கடைத் தராசிலை வைச்சனாங்கள், 46 கிராம்.

1995 போர் இடப்பெயர்வுக்கு முதல் அம்மம்மா அதைப் பால்மாப் பேணிக்கை போட்டு மாட்டுக்கொட்டிலுக்கை தாட்டுப்போட்டுத்தான் தென்மராட்சிக்கு நடந்தவ. திரும்பி வந்து தோண்டேக்கை பேணி உக்கிப் போச்சு, பதக்கம் அப்பிடியே இருந்தது. ஆராவது வழி சொல்லுங்கோ.

நல்லூரடியான் எழுதியது:

தங்கச்சி, வாசிக்கவே மனம் நிறைஞ்சு போச்சு. அரச காலத்து மிச்சமெண்டு சொல்லுற மந்திரிமனை, யமுனா ஏரி, தோரண வாசல் எல்லாம் உங்கடை வீட்டைச் சுத்தித்தான். 1619இலை பறங்கி (போத்துக்கீசன்) வரேக்கை அரண்மனைப் பெண்டுகள் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கேலாது. நம்பின வீடுகளிலை குடுத்துவைச்சிருப்பினம். எங்கடை பக்கம் இப்பிடி நாலைஞ்சு வீட்டிலை கதை இருக்கு. அரசன் போனாலும் அவன்ரை சாமான் ஊருக்கை நிண்டிருக்கு எண்டுதான் நான் நம்புறன். அம்மம்மா சொன்னதை விட்டுக்குடாதேங்கோ.

தோம்புதேடி எழுதியது:

சகோதரி, உங்கள் அம்மம்மாவின் சொல்லை மதித்தே எழுதுகிறேன். ஆனால் "அரண்மனையிலிருந்து வந்திருக்கும்" என்று தொடங்கினால் எந்தப் பதக்கமும் அரண்மனைக்குப் போய்விடும். முதலில் அந்தப் பெட்டகத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். அதைப் பற்றி நாம் நினைப்பதைவிட அதிகம் எழுதப்பட்டிருக்கிறது.

1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் கண்டார். அரசனுக்கு முன்னால் முத்துக் குவியலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாரசீகக் குடாவில் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்கிறேன் என்று அவர் சொல்ல, அரசன் சிலவற்றைக் கையில் எடுத்து "அங்கே இப்படி உண்டா?" என்று கேட்டான். இதைவிடத் தாழ்ந்தவைதான் கண்டேன் என்றதும் மகிழ்ந்து அவற்றை அவருக்கே கொடுத்துவிட்டான். உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணம் ஒன்றில் அகில் எண்ணெய் வைத்திருந்ததையும் அவர் எழுதுகிறார். எங்கள் அரசர்களின் மணிகளைக் கண்ணால் கண்டு எழுதிய சாட்சி இது. அந்த முத்துகளின் கதி என்ன தெரியுமா? பின்னொரு பயணத்தில், மலையாளக் கரைப் பக்கம், கடற்கொள்ளையர் அவரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள். இலங்கை அரசன் தந்த முத்தும் மாணிக்கமும் போயின என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பிறகு 1550களின் நடுப்பகுதி. தென்னிலங்கைக் கோட்டை இராச்சியத்தின் அரசன் தர்மபாலனின் தந்தை விதியே பண்டாரன் தோற்று, கோட்டைச் செல்வத்தோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடி வந்து இங்கேயே கொல்லப்பட்டான். அந்தச் செல்வம் அப்போதைய யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலியின் கைக்கு வந்தது. 1560இல் கோவாவிலிருந்து தேசாதிபதி கொன்ஸ்தந்தினு த பிறகன்சா படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது கேட்டவற்றுள் அதுவும் ஒன்று. சங்கிலி இணங்கினான், பின்னர் ஊர் கிளர்ந்தெழுந்தது, பறங்கியர் மன்னாருக்குப் பின்வாங்கினார்கள். போகும்போது பொன்னில் பதித்த பல் ஒன்றை எடுத்துப்போனார்கள். அது புத்தரின் தந்தம் என்று சொல்லப்பட்டது. பர்மாவின் பெகு அரசன் பெருந்தொகை கொடுத்து மீட்க ஆள் அனுப்பியும், கோவாப் பேராயர் அதை உரலில் இடித்து நெருப்பிலிட்டார். உண்மையான தந்தம் வேறிடத்தில் பத்திரமாக இருந்தது என்பது சிங்கள மரபு.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. 1560இல் நல்லூர்ப் பெட்டகத்தில் இருந்ததெல்லாம் யாழ்ப்பாணத்தில் செய்த நகை அல்ல. கோட்டைச் சாமான், தென்னிந்தியச் சாமான், திறையாக வந்தது, பறித்தது எல்லாம் கலந்து கிடந்தது.

1591இல் அந்திரே புர்த்தாடு த மெண்டோன்சா வந்தான். அரசன் கொல்லப்பட்டான், எதிர்மன்னசிங்கம் பறங்கியரின் தயவில் முடிசூடினான். 1619இல் பிலிப் த ஒலிவேறா. இரண்டாம் சங்கிலி கடல்வழியே தஞ்சாவூருக்குத் தப்ப முயன்று பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். எஞ்சிய அரச குடும்பத்தார் பலர் ஞானஸ்நானம் பெற்றுத் துறவு மடங்களுக்குள் போனார்கள். 1621இல் நல்லூர்க் கோயிலும் இடிபட்டது.

அரசன் தப்பி ஓடும்போது கையில் எடுப்பது ஏட்டையும் பானையையுமல்ல, பொன்னையும் மணியையும்தான். அவனையே கடலில் பிடித்தவர்கள் அவற்றை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஆகவே அரண்மனைச் சாமான் நல்லூரில் நின்றதற்குச் சான்று வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலை என்ற வரலாற்று நூல் அதற்குப் போதாது. மயில்வாகனப் புலவர் அதை ஒல்லாந்த (டச்சு) அதிகாரி மேக்கறூனின் கேள்விக்கு இணங்க எழுதியது 1736 அளவில், அரசு விழுந்து நூறு வருடத்துக்கும் பிறகு.

நல்லூரடியான் எழுதியது:

ஐயா சொல்லுறது சரித்திரம். நான் மறுக்கேல்லை. எழுதினவன் பறங்கி. பறங்கி கண்டதைத்தான் எழுதுவான், அடுப்படியிலை ஒளிச்சதை எழுதமாட்டான். 95இலை கொட்டிலுக்கை தாட்ட பதக்கத்தை எந்தப் புத்தகத்திலை எழுதினவை?

கன்னாதிட்டிப்பத்தர் எழுதியது:

நான் நாலு தலைமுறையாய்ப் பட்டறை வைச்சிருக்கிற வீட்டுப் பிள்ளை. சரித்திரம் மற்றவை பாக்கட்டும், நான் நகையைப் பாக்கிறன். பிள்ளை, முதல் விசயம்: ஒருத்தரும் அதைக் கழுவக்கூடாது. பூந்திக்கொட்டைத் தண்ணி, சவர்க்காரத் தண்ணி, சுடுதண்ணி ஒண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லுற கட்டு மூடின கட்டு. உள்ளுக்கை அரக்கு, கல்லுக்கு அடியிலை மெல்லிய வெள்ளித் தகடு இருக்கும். கல்லின்ரை சிவப்பு அந்தத் தகட்டிலை பட்டுத்தான் எரியும். தண்ணி ஊறினால் தகடு கறுத்துப் போம், சூடு பட்டால் அரக்கு இளகும். முத்துக்கு அமிலம் துளி படக்கூடாது, கரைஞ்சுபோம். கடையிலை குடுத்து மெருகு போட்டியளோ, பாத்து வயசு சொல்லுற தடயம் முழுக்கப் போச்சு.

இப்ப அந்த ௰௨. அது எழுத்தில்லை, எண். ௰ பத்து, ௨ ரெண்டு, சேத்தால் பன்ரெண்டு. எங்கடை பாட்டன்ரை பட்டறைக் கொப்பியிலையும் இப்பிடித்தான் கிடக்கு. பன்ரெண்டு வராகனெடை. ஒரு வராகனெடை ஏறக்குறைய 3.4 கிராம். பெருக்கிப் பாருங்கோ, 40.8 வரும். உங்கடை தராசு 46 சொல்லுது. மிச்சம் அஞ்சு கிராமும் கல்லு, முத்து, அரக்கு. கல்லுப் பதிக்க முதல் பொன் நிறையை நிறுத்துப் பின்தகட்டிலை கீறி வைக்கிறது தட்டாற்றை வழக்கம். அழிக்கேக்கை எவ்வளவு பொன் வரவேணும் எண்டு உடையவனுக்குத் தெரியவேணுமெல்லோ. கணக்கு இவ்வளவு சுத்தமாய்ப் பொருந்துறதாலை, இந்தப் பதக்கம் அழிச்சுச் செய்யப்படாமல் செய்தபடியே நிக்கிது எண்டு நான் துணிஞ்சு சொல்லுவன். எங்கடை ஊரிலை அதுதான் பெரிய அதிசயம். ஒவ்வொரு கலியாணத்துக்கும் பழசை அழிச்சுப் புதுசு செய்யிற சனம் நாங்கள். நூறு வருச நகை தேடினாலும் கிடைக்காது.

ஆனால் எண் வயசு சொல்லாது. ஒல்லாந்தன்ரை காலத்திலையும் வெள்ளைக்காரன்ரை காலத்திலையும் அதே எண்தான், அதே நிறைதான்.

வயசு பிடிக்க மூண்டு இடம் பாருங்கோ. ஒண்டு, ஒட்டு. பொடி வைச்ச இடத்திலை கட்மியம் எண்ட உலோகம் தெரிஞ்சால் அது 20ஆம் நூற்றாண்டுக் கைவேலை. நகையைத் தொடாமலே எக்ஸ்கதிர் கருவியாலை பாக்கலாம். ரெண்டு, கொளுக்கியிலை திருகு இருந்தால் அதின்ரை மரை. கையாலை செய்த மரை ஒழுங்கில்லாமல் இருக்கும். மூண்டாவது கல்லு. அதுக்கு நாளைக்கு ஆறுதலாய் எழுதுறன், இப்ப பட்டறையிலை ஆள் நிக்கிது.

ரொறன்ரோத்தம்பி எழுதியது:

அக்கா, இவ்வளவு கஸ்ரம் ஏன்? ஆராவது லண்டன் வரேக்கை கைப்பையிலை குடுத்துவிடுங்கோ. அங்கை பெரிய ஏல நிறுவனங்களிலை வயசு, விலை எல்லாம் பாத்துச் சொல்லுவினம்.

சட்டத்தரணிமருமகள் எழுதியது:

தம்பி, தயவுசெய்து அந்த ஆலோசனையை விட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்திய, அல்லது முந்தியதென நம்பப்படும் பொருள் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. "சங்கிலியன் பதக்கம்" என்று பொதுவெளியில் எழுதிவிட்டுக் கைப்பையில் போட்டு அனுப்பினால், கொண்டுபோகிற பிள்ளைதான் விமான நிலையத்தில் அழும். கல்லைப் பரிசோதிக்கக் கடல் தாண்டவும் தேவையில்லை. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது.

இன்னொன்று. இந்த இழையில் எல்லோரும் அரசர் பட்டியலையே புரட்டுகிறோம். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது என்று தங்கச்சி முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். அதைத்தான் பிடித்துக்கொண்டு போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் நகை ஆண்வழியில் நடப்பதில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் இசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தைப் பாருங்கள். தகப்பனின் முதுசொம் (பரம்பரைச் சொத்து) ஆண்பிள்ளைக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைக்கு என்பதுதான் பழைய வழக்கு. ஆகவே ஒரு பதக்கம் ஒவ்வொரு தலைமுறையிலும் வீடு மாறும், சில வேளை ஊரும் மாறும். தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு வம்சவரிசை எழுதினால் நகை ஒரு பக்கம் போக நாங்கள் இன்னொரு பக்கம் போவோம். அம்மம்மா, அவவின் தாய், அந்தத் தாயின் தாய் என்று போய், ஒவ்வொருவரின் சீதன உறுதியையும் (சீதனப் பத்திரத்தையும்) தேடுங்கள். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாற நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) எழுதிய உறுதி கட்டாயம். சீதனத்தில் காணி இருந்தால் உறுதி இருக்கும், உறுதி எழுதும்போது நகையையும் நிறை அல்லது விலையோடு எழுதுவது வழக்கம். காணிப் பதிவுக் கந்தோரில் (அலுவலகத்தில்) பிரதி எடுக்கலாம். உறுதி இல்லாதவர்களுக்கு டெஸ்டமென்டரி (இறந்தவர் சொத்து) வழக்குக் கோப்பு. செத்தவரின் அசையும் சொத்துப் பட்டியலில் தோடு, காப்பு எல்லாம் வரும்.

தோம்புதேடி எழுதியது:

மருமகள் சொன்னதுதான் வழி. முன்னால் நான் அரசரைப் பற்றி நீட்டி எழுதினேன். அது மேலிருந்து கீழே வருகிற பாதை, 1619இல் கடலில் அறுந்துபோகிறது. கீழிருந்து மேலே போகிற பாதை சீதன உறுதி. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் கேள்வி.

ஒரு அரசப் பொருளின் வழி முழுதாகத் தெரிந்தால் எப்படியிருக்கும் என்பதற்குக் கண்டிச் சிம்மாசனத்தைப் பாருங்கள். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் கையில் விழுந்து வின்சர் கோட்டைக்குப் போனது. 1934இல் குளோஸ்டர் கோமகன் முடியோடு கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துப்போன லெவ்கேயின் பீரங்கியும் அப்படித்தான். அம்ஸ்ரடாம் ரெயிக்ஸ் அருங்காட்சியகம் தானே ஆய்வு செய்து, அது கொள்ளைப்பொருள் என்று ஏற்றுக்கொண்டு, 2023 டிசம்பரில் மற்ற ஐந்து பொருள்களோடு திருப்பி அனுப்பியது. எழுத்து இருந்தது, பொருள் வீடு வந்தது. கோவாவுக்குப் போன எங்கள் அரசனின் முடி எங்கே என்று கேட்கக்கூட எங்களிடம் ஒரு பட்டியல் இல்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. இருக்கிற சின்னப் பதக்கத்துக்காவது பட்டியல் எழுதிவைக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

முத்துக்கரை எழுதியது:

நான் மன்னார் முத்துக்குளிப்புக் கரை, சிலாவத்துறைப் பக்கம். முத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்காததாலை எழுதுறன். அக்கா, மஞ்சளடிச்ச முத்தை மாத்தச் சொல்லி ஆரும் கேட்டால் விடாதேங்கோ. மூண்டையும் லென்சாலை பாருங்கோ. துளை நல்லாச் சின்னனாய், ரெண்டு பக்கத்தாலையும் துளைச்சு நடுவிலை சந்திச்ச மாதிரி இருந்தால் கைத்துளை. வளர்ப்பு முத்து சந்தைக்குப் பரவலாய் வந்தது 1920கள் அளவிலைதான். எக்ஸ்கதிர் எடுத்தால் உள்ளுக்கை உருண்டைக் கரு தெரியும். எங்கடை பாரிலை (கடலடி முத்துப் படுகையிலை) எடுத்த முத்தெண்டால் கரு இராது.

எங்கடை முத்துகளை முந்தி பத்துப் பித்தளைச் சல்லடையிலை அரிச்சுத் தரம் பிரிக்கிறவை. 20 கண் உள்ளது முதல் சல்லடை, 1000 கண் உள்ளது கடைசி. அதிலை வட்டமும் ஒளியும் குறையில்லாத முத்துத்தான் ஆணிமுத்து, அதுதான் பெரிய இடத்துக்குப் போறது. உங்கடை முத்து எவ்வளவு பெரிசு?

அம்மம்மாபேத்தி எழுதியது:

முத்துக்கரைத் தம்பி, மூண்டும் ஒரே அளவில்லை. ரெண்டு மிளகளவு, மஞ்சள் முத்து அதிலும் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் சப்பை.

முத்துக்கரை எழுதியது:

அப்ப ஆணி இல்லை. அரசன் வீட்டுப் பதக்கத்துக்குச் சப்பை முத்து தொங்கவிடமாட்டினம் எண்டு நினைக்கிறன். அவன்ரை கடல், அவன்ரை முத்துக்குளிப்பு, நல்லது அவனுக்கெல்லோ முதல் போகும். ஆனால் இயற்கை முத்துத்தான் போலை கிடக்கு. முத்து பிறகு மாத்தினதாயும் இருக்கலாம்.

கன்னாதிட்டிப்பத்தர் எழுதியது:

கல்லு விசயம் பாக்கி. சிவப்பெல்லாம் மாணிக்கம் இல்லை. மாணிக்கத்தையும் ஸ்பினலையும் வேறை வேறை கல்லெண்டு ஐரோப்பாவிலையே 1783இலைதான் பிரிச்சவை. இங்கிலாந்து முடியிலை இருக்கிற பேர்போன "மாணிக்கமே" ஸ்பினல்தான். அதாலை உங்கடை நடுக்கல்லு ஸ்பினலாய் இருந்தால் மனம் உடையாதேங்கோ. கவலைப்படவேண்டியது வேறை. 1902இலை வேர்ணேய் எண்ட பிரெஞ்சுக்காரர் உலையிலை மாணிக்கம் செய்யிற முறையை வெளியிட்டவர். அதுக்குப் பிறகு உலைக்கல்லு வந்து குவிஞ்சது, எங்கடை அட்டியல், மூக்குத்தி எல்லாத்திலையும் அதுதான் ஏறினது. லென்சாலை பாத்தால் கல்லுக்குள்ளை வளைஞ்ச கோடும் உருண்டைக் குமிழும் தெரியும். இயற்கைக் கல்லிலை கோடு நேராய், மூலை மடிஞ்சு நிக்கும். சின்னக் கல்லு ஒவ்வொண்டையும் தனித்தனியாய்ப் பாக்கவேணும். விழுந்த இடத்துக்குப் புதுக்கல்லு வைக்கிறது வழமை. ஒரு கல்லு உலைக்கல்லு எண்டதுக்காக முழுப் பதக்கமும் புதுசாகாது.

கறையூரான் எழுதியது:

நான் கொஞ்சம் கடுமையாய்ச் சொல்லுறன், கோவிக்க வேண்டாம். அரச வம்சம் எண்டு உரிமை கொண்டாடுறவை இப்ப இணையத்திலை கனபேர். தோரண வாசலே ஒல்லாந்தர் காலக் கட்டடமாய்த்தான் தெரியுது எண்டு படிச்சவை சொல்லுகினம். நாங்கள் இன்னும் சங்கிலியன் கட்டினது எண்டு பிள்ளையளுக்குக் காட்டுறம். இந்தப் பதக்கம் உழைச்சு வாங்கின ஒரு புகையிலைக் கமக்காரன்ரை மனுசியின்ரை நகையாய் இருந்தால் அதின்ரை பெறுமதி குறைஞ்சுபோமோ? எனக்கெண்டால் அதுதான் பெரிசு.

நல்லூரடியான் எழுதியது:

குறையாது தம்பி. ஆனால் அரசன் இருந்த ஊர் எண்டு சொல்ல எங்களிட்டை மிஞ்சினது என்ன? 1981இலை யாழ்ப்பாண நூலகத்தோடை ஏடுகளும் எரிஞ்சது. கல்லும் சுவரும் இல்லாத சனம் கதையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அதைப் பறிக்கேக்கை மெல்லமாய்ப் பறியுங்கோ.

அம்மம்மாபேத்தி எழுதியது:

உறவுகளே, செய்தி இருக்கு. மருமகள் அக்கா சொன்னபடி கந்தோருக்குப் போனன். அம்மம்மாவின்ரை சீதன உறுதியிலை முந்தின உறுதி இலக்கம் இருந்தது. அதைப் பிடிச்சு, அதுக்கு முந்தினதைப் பிடிச்சு, கடைசியிலை அம்மம்மாவின்ரை அம்மம்மாவின்ரை சீதன உறுதிக்கு வந்து நிண்டிட்டன். 1893. எழுத்து வாசிக்கக் கண் பூத்துப் போச்சு. காணிப் பரப்பு, பனை வடலி, கிணற்றுப் பங்கு எல்லாம் எழுதி முடிச்சு நகைக்கு வருது. தாலிக்கூட்டம், காப்புச் சோடி, அட்டியல், பிறகு இப்பிடி: "பேர்த்தியார் வழியாய் வந்த கெம்புப் பதக்கம் ஒன்று, நிறை வராகன் பன்னிரண்டு, விலை ரூபா நூற்றைம்பது." பேர்த்தியார் எண்டால் பாட்டி.

பன்ரெண்டு வராகன் எண்டு வாசிச்ச இடத்திலை எனக்குக் கை நடுங்கிப் போச்சு. கந்தோரிலை எனக்குப் பக்கத்திலை நிண்ட ஐயா தண்ணி வேணுமோ எண்டு கேட்டவர்.

ஆனால் இன்னொண்டும் இருக்கு. அந்த உறுதியிலை நல்லூர் இல்லை. பொம்பிளை ஊர் சண்டிலிப்பாய். நல்லூருக்கு நாங்கள் வந்தது அவவின்ரை மகளின்ரை கலியாணத்தோடைதான்.

தோம்புதேடி எழுதியது:

அருமையான வேலை சகோதரி. நிதானமாக வாசிப்போம்.

1893இல் பெண்ணின் பேர்த்தியார் வழியாக வந்தது என்றால், அந்தப் பேர்த்தியார் மணம் முடித்தது 1840கள் அளவில் இருக்கும். அதுவரை பிடி கிடைத்துவிட்டது.

அடுத்தது விலை. அந்த ஆண்டில் ரூபாயின் மதிப்பு விழுந்து, ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 16 ரூபாய் போனது. பன்னிரண்டு வராகன் பொன் நிறையில் ஐந்து பவுணுக்குக் கொஞ்சம் மேல். பொன் மட்டும் எண்பது ரூபாய் சொச்சம் என்று வையுங்கள். நூற்றைம்பது போட்டிருக்கிறார்கள். மிச்ச எழுபது ரூபாயில் செய்கூலி போகப் பெரும்பகுதி கல்லுக்கும் முத்துக்கும்தான். கண்ணாடிக் கல்லுக்கு அவ்வளவு எழுத எந்த மாப்பிள்ளை வீடும் இணங்கியிராது. உலைக்கல்லோ அப்போது சந்தையில் அரிது. பத்தர் ஐயா சொன்ன 1902க்கு ஒன்பது வருடம் முந்திய உறுதி இது. ஆகவே பின்னால் மாற்றாவிட்டால் நடுக்கல் பெரும்பாலும் இயற்கைக் கல்.

சண்டிலிப்பாய் முக்கியம். சங்கிலியன் தோப்புக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் பதக்கமும் அரண்மனையிலிருந்து வந்தது என்ற எண்ணம், நல்லூருக்கு வந்தபிறகு வீட்டில் சேர்ந்திருக்கலாம். என் கணிப்பு இது: ஒல்லாந்தர் காலக் கடைசியிலோ ஆங்கிலேயர் காலத் தொடக்கத்திலோ, வசதியான ஒரு வலிகாமத்து (சண்டிலிப்பாய்ப் பக்கத்து) குடும்பம் செய்வித்த பதக்கம். 1619க்கும் 1840களுக்கும் இடையே இருநூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. அதைக் கதையால் நிரப்பச் சொன்னால் எனக்கு மனம் வராது.

நல்லூரடியான் எழுதியது:

பன்ரெண்டு வராகன் எண்டு அந்த நாளையிலை எழுதினதை வாசிக்கக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது பிள்ளை. சங்கிலியன் எண்டுதான் நான் இன்னும் ஆசைப்படுறன். ஆனால் உறுதி சொல்லுறதை நான் மறிக்கமாட்டன். சண்டிலிப்பாயிலை தேடுங்கோ. அங்கையும் பழைய வீடுகள் இருக்கு.

சட்டத்தரணிமருமகள் எழுதியது:

தங்கச்சி, மூன்று காரியம் இந்த மாதத்துக்குள் செய்துவிடுங்கள். உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து, நகையிலிருந்து வேறான இடத்தில் வையுங்கள். பதக்கத்தை முன், பின், பக்கம் எல்லாம் அளவுகோலோடு படம் பிடியுங்கள். அந்த ௰௨ தெளிவாக விழவேண்டும். அம்மா இருக்கும்போதே, யாருக்குக் கொடுக்கிறா என்று எழுதி, நகையின் விவரணத்தையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். 1893இல் ஒரு நொத்தாரிசு ஒற்றை வரி எழுதியதால்தான் நாம் இன்று இவ்வளவு பேசுகிறோம். பொது இழையில் படத்தைப் போடாதீர்கள், எந்த லொக்கரில் இருக்கிறது என்றும் எழுதாதீர்கள்.

ரொறன்ரோத்தம்பி எழுதியது:

மருமகள் அக்கா, சட்டம் விளங்கிச்சு, நன்றி. இஞ்சை எங்கடை வீட்டிலையும் அம்மாவின்ரை காசுமாலை கிடக்கு. எல்லாம் விக்டோரியா தலை போட்ட பவுண். இந்த இழையை வாசிச்சுப்போட்டு ஒவ்வொண்டிலையும் இருக்கிற வருசத்தை எழுதி எடுத்தன். ஆகப் பிந்தினது 1887. அப்ப மாலை அதுக்குப் பிறகு கட்டினது எண்டு சொல்லலாமோ?

கன்னாதிட்டிப்பத்தர் எழுதியது:

சொல்லலாம் தம்பி. 1887க்கு முதல் அந்த மாலை இப்ப இருக்கிற மாதிரி இருந்திருக்கேலாது. எப்ப எண்டது காதுவளையத்தைப் பாத்தால் கிட்டத்தட்டப் பிடிபடும். காசுக்கு வளையம் ஒட்டின இடத்தைக் கிட்டவாய்ப் படம் எடுத்து அனுப்புங்கோ. எல்லாத்துக்கும் ஒரே கை வேலைப்பாடோ, பிறகு சேத்த காசு இருக்கோ எண்டு சொல்லுறன்.

அம்மம்மாபேத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிட்டை உறுதியை வாசிச்சுக் காட்டினன். "அப்ப சங்கிலியன் இல்லையோ?" எண்டு ஒருக்காக் கேட்டா. பிறகு அந்தப் பேர்த்தியாற்றை பேர் என்ன எண்டு கேட்டா. உறுதியிலை பேர் இல்லை. இப்ப அம்மாவுக்கு அரசனைவிட அந்த மனுசியின்ரை பேர்தான் வேணுமாம்.

நடுக்கல்லைக் கொழும்பு ஆய்வுகூடத்திலை காட்ட அம்மாவோடை நானே போறன். பத்தர் ஐயா, கட்டைக் கழட்டாமல் பாக்கச் சொல்லி எழுத்திலை குடுக்கிறன். சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு, மாதகல் பக்கம் 1840, 50களின்ரை ஏட்டு உறுதி, பழைய சீதனப் பத்திரம் வீட்டிலை வைச்சிருக்கிற ஆக்கள் இருந்தால் தனிமடல் போடுங்கோ. பன்ரெண்டு வராகன் பதக்கம் எண்டு எங்கையாவது எழுதிக் கிடந்தால், காணிப் பேரையும் நொத்தாரிசின்ரை பேரையும் சேத்து அறியத் தாங்கோ.